பள்ளிக்கூடத்தில் பறை

திசையன்விளையில் படிக்கும்போது பள்ளிக்கூட பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள். நானும் கையைத் தூக்கினேன். "ஒனக்கு எதுக்குல டிரம்மு? ஒன் வீட்லதான் கொட்டு கெடக்கே" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து தாத்தாவின் பறையை நான் தொடவில்லை.

தோலைத் தீயில் காய்ச்சி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிண்டுக்குச்சியும் பிடித்து வாசிக்கிற கருவி அது. சாதி அதை இழவு வீட்டு ஊழியமாக்கியது. 'இனி அடிக்க மாட்டோம்' என்று நம் ஆட்கள் பல ஊர்களில் அதைக் கீழே போட்டது கலகம்.

திரும்ப எடுத்ததும் கலகம்தான். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு பறையைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரி சந்திரா 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், ஆண்களே அடித்துவந்த பறையைத் தலித் பெண்பிள்ளைகள் தோளில் மாட்டி ஆடினார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகளைக் கருவி எடுக்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் எங்க தெருப் பிள்ளைக்கு மட்டும் பறையைக் கொடுத்தால் பழைய ஊழியம்தான் பள்ளிக்கூடத்துக்கு வருது. ஊர்த்தெருப் பிள்ளையும் பறை அடிக்கட்டும். எங்க பிள்ளை வயலினும் எடுக்கட்டும். அப்பதான் அது பாடம்.