கல்லும் கள்ளியும் வேலியும்

அடுத்தடுத்துள்ள இரு தோட்டங்களுக்கு இடையே நிற்கும் வேலி யாருக்கு உரியது என்னும் வினா ஊர்ப்பஞ்சாயத்துக்கும் உரிமையியல் மன்றத்துக்கும் உரியதேயன்றித் தமிழாராய்ச்சிக்கு உரியதன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் அவ்வினாவுக்கு விடை காணும் முறை நம் செப்பேடுகளின் சொல்லமைப்பிலேயே அமைந்துள்ளது என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை விலக்குதல் வேண்டும். வேலி என்னுஞ் சொல் காவலையும் குறிக்கும். இருபது மா கொண்ட நில அளவையும் குறிக்கும். சாசனங்களில் எண்ணுப்பெயரை அடுத்து வரும் வேலி பெரும்பாலும் அளவையே. இது தெரிந்த செய்தியாயினும் மாணவர் பலர் இங்கு இடறுதலைக் கண்டுள்ளோம்.

மதுரையில் நிகழ்ந்த பழைய நிலவழக்கு ஒன்றனை வேள்விக்குடிச் செப்பேடு கூறுகின்றது. பாகனூர்க் கூற்றத்து வேள்விக்குடியைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கை கிழான் நற்கொற்றனுக்கு அளித்தான். பின்னர்க் களப்பிரர் ஆட்சியில் அவ்வுரிமை பறிபோயிற்று. நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில், கி. பி. 770ஐ ஒட்டி, நற்கொற்றன் வழிவந்த நற்சிங்கன் கூடலில் மன்னன்முன் முறையிட்டான். மன்னன் முறுவலித்து, நாட்டாரைக் கொண்டு பழமையை நிலைநாட்டிப் பெற்றுக்கொள்க என்றான். அவ்வாறே பழமை காட்டப்பட்டது, ஊரும் மீண்டது. இன்றைய சோழவந்தான் வட்டாரம் அக்கூற்றத்தைச் சார்ந்ததாதலின், இவ்வழக்கு வைகைக்கரை வழக்கே ஆகும்.

இங்குச் சான்றாக நின்றது யாது? வேலியன்று, சுற்றிலும் வாழ்வோரின் அறிவே. சோழர் செப்பேடுகள் இதனை இன்னும் தெளிவாக்குகின்றன. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தமையைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேட்டிலும், இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும், நாட்டார் பிடியானையைச் சூழ நடத்தி, எல்லையில் கல்லும் கள்ளியும் நாட்டிய செய்தி வருகின்றது.

இக்கள்ளியைச் சப்பாத்திக்கள்ளி எனக் கொள்வது பிழை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்து பரவியது. 1926இல் ஒருவகைப் பூச்சியைக் கொணர்ந்து விட்டே சென்னை மாகாணத்தில் அதனை அழிக்கத் தொடங்கினர். செப்பேட்டுக் கள்ளி பால்வடியும் நாட்டுக் கள்ளியே. ஆடுமாடு அதனை மேய்வதில்லை. வானம் பொய்த்தாலும் வாடாது. கிளையை ஒடித்து ஊன்றினாலே வேர்விடும். கல்லைப் பெயர்த்து ஓரிரவில் நகர்த்தலாம்; பலவாண்டு வளர்ந்து பருத்த கள்ளியை அங்ஙனம் நகர்த்தல் அரிது. கள்ளியோ வளர்ந்து பக்கம் பரவும், கல் பரவாது. ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யவே இரண்டனையும் சேர்த்து நாட்டினர் எனக் கருதுகின்றோம்.

ஆகவே இருவேறு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். நாட்டார் கூடி நாட்டிய கல்லும் கள்ளியும் எல்லைக்குறி. அவை இருபாலார்க்கும் பொது. வேலியோ ஒருவன் தன் பயிரைக் காக்கத் தன் செலவில் இட்ட அரண். எல்லைக்கோடு எது என்பதும் வேலி எவனது என்பதும் இரு வேறு வினாக்கள். ஆங்கில நாட்டு வழக்கில் இவை ஒன்றாகிவிடும். அங்கே வேலியும் பள்ளமும் அடுத்திருப்பின், பள்ளம் தோண்டியவன் தன் நிலத்தின் விளிம்பிலேயே தோண்டி, மண்ணைத் தன் பக்கம் கொட்டி, அம்மேட்டில் வேலி வைத்தான் என ஊகிப்பர். 1810இல் ஆங்கே ஒரு வழக்கிலேயே இவ்வூகம் எடுத்துரைக்கப்பட்டது. வரப்பும் வாய்க்காலும் இருபாலார்க்கும் பயன்படும் வைகைப் பாசனப் பரப்பில் இவ்வூகம் பொருந்தாது.

இப்பிரிவை மறப்பதால் விளையும் கேடு சிறிதன்று. வேலி பரவும் என்று அஞ்சித் தன் நிலத்துள் ஒரு முழம் தள்ளிக் கிளுவை நட்டவனே நல்லயலான். அவ்வொரு முழத்தை அடுத்தவன் தனதெனக் கொண்டு வெளிப்படையாகப் பன்னிரண்டாண்டு எதிர்ப்பின்றி ஆண்டுவிடின், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அவனுக்குத் துணையாகிவிடுகின்றது. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி நாட்டப்பெறும் அளவைக்கல் கோட்டைக் காட்டும். அத்தீர்மானத்தை மறுப்போர் மூன்றாண்டுக்குள் வழக்கிடலாம். ஆயின் வேலியை நட்டவன் யார் என்பதை அக்கல் கூறாது.

அதனைக் கூறவல்லது ஆவணத்தின் இலக்கணமே. பெருநான்கெல்லை கூறும் பகுதியில் ஒரு மரத்துக்கு மேற்கும், ஓர் ஊரெல்லைக்கு வடக்கும் என நான்காம் வேற்றுமை உருபேற்று வரும் பொருள், அளிக்கப்பட்ட நிலத்துக்குப் புறத்தே நிற்பது. அகப்பட, உட்பட என்னுஞ் சொற்கள் வருமிடத்தேதான் அது உள்ளடங்கும். மதுரைப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களும் இம்மரபையே பின்பற்றுகின்றன. ‘இன்னார் வேலிக்கு மேற்கு’ என எழுதி வாங்கியவன், அவ்வேலி அயலானது எனத் தன் ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டவன் ஆகின்றான். ‘பொதுவேலிக்கு மேற்கு’ எனின் செப்பனிடும் செலவும் பொது. ‘வேலி உட்பட’ எனின் முள்ளும் அவனது, விறகும் அவனது.