மலையடிவாரக் கல்

சென்ற வாரம் நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவரோடு நின்றோம். மேலநீலிதநல்லூரிலிருந்து பார்த்தால் தெரிகிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, இந்த வாரம் அதன் அடிவாரத்துக்குப் போவோம். பாளையக்காரர்களின் எல்லைகள் அழிந்துவிட்டன. வெள்ளைக்காரன் வகுத்த காட்டு எல்லை அழியவில்லை. கல்லைக் குவித்து எண் எழுதி, ஒரு குவியலிலிருந்து அடுத்ததற்கு எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கெஜட்டில் அச்சடித்த எல்லை அது.

எல்லாம் 1882 சென்னை வனச் சட்டத்தின் வேலை. ஒரு காட்டைக் 'காப்புக்காடு' ஆக்குமுன் சுற்றுக் கிராமங்களில் அறிவிப்புச் செய்ய வேண்டும். உரிமை கேட்பவர்களுக்குக் குறைந்தது 3 மாத அவகாசம். கேட்காத உரிமை ஒழிந்தது. காகிதத்தில் நியாயமான ஏற்பாடுதான். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழைக்கும் ஊர்க்காரர் மனுப் போடலாம், சாட்சிக்குக் கர்ணத்தின் கணக்கு இருந்தது. மலைக்காட்டில் வாழும் பளியர் பழங்குடியின் தேன் பாறைக்கும் வள்ளிக்கிழங்குச் சரிவுக்கும் எந்தக் கர்ணம் கணக்கு எழுதினார்? உழாத நிலத்துக்குப் பட்டா ஏது? தலைமுறையாக நடந்த தடத்திலேயே அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். ஜமீன் காடுகளின் கதை வேறு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அவை அரசிடம் வந்தன.

பழங்குடிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி நட்ட கல்லும் உண்டு. இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளைச் சுற்றி 1832-33 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி தூண்கள் எழுப்பி, 'தாமின்-இ-கோ' என்று பெயரிட்டது. மலைமேல் பகாடியாப் பழங்குடியினர் இருந்தார்கள். அடிவாரத்தில் காடு வெட்டி உழச் சந்தால்களைக் கொண்டுவந்தது அதே கம்பெனி. வட்டிக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள், தூண்கள் தடுக்கவில்லை. 1855-ல் சித்து, கானு தலைமையில் சந்தால்கள் ஆயுதம் எடுத்தார்கள்.

காட்டில் வாழ்வோருக்கு இழைத்தது வரலாற்று அநீதி என்று 2006 வன உரிமைச் சட்டம் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. என் கணக்கில் அதைவிடப் பெரியது, 2008-ல் வந்த விதிகளில் இருக்கும் ஒரு வரி: பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் ஆதாரம். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கினால்தான் உண்டு. வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்து வாசகர்களே, காட்டு எல்லைக் கல் நட்ட கதை தெரிந்த முதியவர் யாரேனும் இருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். தொடரில் சேர்க்கிறேன்.