பரணில் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி: குறி ஏன் தவறுகிறது, சட்டம் என்ன சொல்கிறது?

கோலார் தங்கவயல் பக்கம் சொந்த ஊர் என்றால் இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். வேலை பெங்களூரில், ஊரில் பூட்டிய வீடு, பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி. பங்காரப்பேட்டை வட்டத்தில் காமசமுத்திரம் பக்கம் யானை வருது, நிலத்தில் பன்றி தொல்லை. "அதைச் சரிபண்ணி வெச்சுக்கலாமே" என்று சித்தப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

இது எப்படி வேலை செய்கிறது?

குழலின் வாய் வழியாகவே எல்லாம் உள்ளே போகும். முதலில் கரிமருந்து, அடுத்து துணி அல்லது நார், பிறகு ஈயக் குண்டு. கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். விசையை இழுத்தால் சுத்தி கேப்பில் அடிக்கும், பொறி மருந்தைப் பற்றவைக்கும். தோட்டா தொழிற்சாலையில் செய்யும் வேலையை இங்கே ஒவ்வொரு முறையும் கை செய்கிறது.

ஒரே குறி, வேறு வேறு இடம். ஏன்?

காரணம் அந்தக் கைதான். மருந்து கொஞ்சம் கூடினால் வேகம் மாறும். துணியின் தடிமன், குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியது, முந்தைய வெடியின் கரி, இதில் எது மாறினாலும் குண்டு வேறு இடத்தில் விழும். அதனால் உரிமத்தோடு போட்டிகளில் சுடுபவர்கள் மருந்தை ஒரே அளவுகோலால் அளப்பார்கள், கம்பியில் ஆழத்துக்குக் கோடு போடுவார்கள், குழலை அடிக்கடி துடைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள்.

ராணுவங்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடை காகிதத் தோட்டா. அளந்த மருந்தும் குண்டும் ஒரே பொட்டலத்தில். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் பொட்டலத்தில் தடவிய கொழுப்பு பற்றிய சந்தேகம்தான் 1857 சிப்பாய்ப் புரட்சிக்குத் தீப்பொறியானது.

குறியை எப்படித் திருத்துகிறார்கள்?

குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்த பிறகுதான். சிதறும்போது குறியைத் தொட்டால் வீண். கூட்டம் இடப்பக்கம் விழுந்தால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறி என்றால் நேர் எதிர்.

கணக்கு எளிது. 50 மீட்டரில் 10 செ.மீ. விலகல், இரு குறிகளுக்கும் இடைவெளி 75 செ.மீ. என்று வையுங்கள். நகர்த்த வேண்டியது 1.5 மில்லிமீட்டர், அவ்வளவுதான். முன்குறியை அராவித் தேய்த்தால் குண்டு மேலே ஏறும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆனால் நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ரைபிள் அல்ல. குழலுக்குள் சுருள் பள்ளம் கிடையாது, குண்டு சுழலாது. எவ்வளவு திருத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் துல்லியம் வராது. பழைய குழல் வெடிக்கவும் செய்யலாம். நவீன புகையற்ற மருந்தைப் போட்டால் ஆபத்து பல மடங்கு.

சட்டம்?

1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. உரிமம் தாத்தாவோடு முடிந்தது, உங்களுக்குத் தானாக வராது. 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை.

"குடகில் உரிமம் வேண்டாமே?" என்பார்கள். அந்த விலக்கு கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உள்ளவர்களுக்கும் மட்டும், 2029 வரை. கோலாருக்குப் பொருந்தாது. "பழம்பொருள்தானே?" என்பதும் எடுபடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் 45ஆம் பிரிவின் விலக்கு.

உரிமம் இருந்தாலும் அது வேட்டை அனுமதி ஆகாது. யானை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

சுட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே பழைய மருந்து இருக்கலாம். தீ, வெப்பம் அருகே கொண்டு போகாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, 21ஆம் பிரிவின்படி ஒப்படையுங்கள். வாரிசாக உரிமம் வேண்டுமென்றால் அதன் பிறகு விண்ணப்பிக்கலாம். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள். சித்தப்பாவிடம் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.