சாளை வந்தால் தவணை வரும்

ஞாயிறு காலை நம் கேட்டருகே மீன் கூடை இறங்கியதும் முதலில் தீர்வது மத்திதான். குளச்சல் பக்கத்தில் இதற்குச் சாளை என்று பெயர். அங்கே ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சாளை நிறையப் பட்டால் கடன் தவணை ஒழுங்காக வரும். படாவிட்டால் நகைக்கடன் கவுண்டரில் வரிசை நீளும்.

இந்த மீனுக்கும் வங்கிக்கும் பழைய உறவு உண்டு. 1895-ல் சென்னை மாகாணத்துக்குக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று அறிக்கை எழுதியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். 1904-ல் வந்த கூட்டுறவுச் சட்டத்துக்கு அந்த அறிக்கை பெரிய தூண்டுதல். அதே நிக்கல்சன், பணி ஓய்வுக்குப் பிறகு, 1907-ல் தொடங்கிய மாகாண மீன்வளத் துறையைச் சம்பளமில்லாமல் நடத்தினார்.

அந்நாளில் மலபார் கரையில் மத்தியை அழுகவிட்டு எண்ணெய் எடுத்தார்கள். நாற்றம் தாங்காது, எண்ணெயும் மட்டம். மீனைப் புதிதாகவே வேகவைத்துப் பிழியும் முறையை நிக்கல்சன் பரப்பினார். எண்ணெய் தனியே, சக்கை உரமாகத் தனியே விற்றது. கரையோரம் சிறு ஆலைகள் பெருகின. மீன் எண்ணெயில் சோப்பு செய்து பார்த்த முயற்சியிலிருந்துதான் 1914-ல் கோழிக்கோட்டில் அரசு சோப்பு நிலையம் பிறந்தது.

ஆனால் மத்தி கணக்குக்கு அடங்காத மீன். சில வருடம் கொட்டும், சில வருடம் காணாமல் போகும். மீன் குறைந்ததால் 1943-லேயே மாகாண அரசு குஞ்சு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. நம் காலத்திலும் அதே கதைதான். கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். கடல் சூடாகும் எல் நினோவும், அளவுமீறிப் பிடித்ததும் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வட்டியை எடுக்கலாம், முதலில் கைவைத்தால் கணக்கே முடிந்துவிடும். மீன்குஞ்சுதான் கடலின் முதல். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அடுத்த ஞாயிறு கூடையில் விரலளவு குஞ்சு கிடந்தால், மலிவு என்று வாங்காமல், "பெரிசா கொண்டு வாங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள்.