உறை மேல் எழுதிய ஒரு வரி

நோக்கியா 7110 போனை நினைவிருக்கிறதா? 1999-ல் வந்தது. பொத்தானை அழுத்தினால் மூடி 'சடக்'கென்று கீழே சறுக்கும். திரை 96-க்கு 65 புள்ளிதான். அதில் இணையம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பெயர் வேப்.

எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்ட் பிளானெட் ஆகிய நான்கு நிறுவனங்கள் 1997-ல் கூடி ஆரம்பித்தது அது. போனுக்கு வலு குறைவு, லைனும் மெல்லியது. அதனால் நடுவில் கேட்வே என்று ஒரு கணினியை வைத்தார்கள். அது சர்வரிடம் வழக்கமான ஹெச்டிடிபியில் பக்கத்தை வாங்கி, சுருக்கி, போனுக்கு அனுப்பும். 7110-ல் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1,400 பைட்தான் இடம்.

கேட்வே பக்கத்தைப் படிக்கும் முன் ஹெடரைப் பார்க்கும். கடிதத்துக்கு உறை மாதிரி. கன்டென்ட்-டைப் என்ற இடத்தில் 'டெக்ஸ்ட்/விஎன்டி.வேப்.டபிள்யூஎம்எல்' என்று இருக்கவேண்டும். அன்றைய சர்வர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது. சாதா எழுத்து என்று முத்திரை குத்தி அனுப்பிவிடும். பக்கத்தில் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் போனில் எர்ரர். நாங்கள் இரண்டு நாள் ஃபைலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தோம்! கடைசியில் வேண்டியிருந்தது அப்பாச்சி அமைப்பில் 'ஆட்டைப்' என்று ஒரே ஒரு வரி.

அடுத்த தலைவலி கேஷ். அப்போது வேப் என்பது போன் கால் போலத்தான், நிமிடக் கணக்கில் காசு. எனவே பார்த்த பக்கத்தைப் போன் சேமித்துவைப்பது நியாயமே. ஆனால் வங்கி இருப்பைப் பார்ப்பவனுக்குப் பழைய தொகையைக் காட்டினால்? 'நோ-கேஷ்' என்று எழுதினாலும் போதாது. 'பேக்' அழுத்தினால் பழையதே வரும். அதற்கு 'மஸ்ட்-ரீவேலிடேட்' என்றும் சேர்க்கவேண்டும். இதைச் சொல்லித்தர அன்று ஆள் கிடையாது.

2007-ல் தகராறு வேறு வடிவில் வந்தது. பிரிட்டனில் ஒரு பெரிய மொபைல் நிறுவனம், வழியில் வரும் பக்கங்களைத் தானே உடைத்து மாற்றியமைக்க ஆரம்பித்தது. அதோடு விட்டதா? போன் தன் மாடலைச் சொல்லும் யூசர்-ஏஜென்ட் ஹெடரையும் மாற்றிவிட்டது. போனுக்கென்று தனிப் பக்கம் செய்து வைத்திருந்தவர்கள், வந்திருப்பது போன் என்றே தெரியாமல் பெரிய பக்கத்தை அனுப்பினார்கள். கொதித்துப்போனார்கள். கொதிப்பு நியாயம் என்பதே என் கட்சி. கடிதத்தைக் கொண்டுபோகிறவர் அதைத் திருத்தி எழுதலாமா?

மறுப்புச் சொல்ல ஒரு வார்த்தை ஹெச்டிடிபி 1.1-லேயே இருந்தது: 'நோ-டிரான்ஸ்ஃபார்ம்'. தொடாதே என்று அர்த்தம். 2015-ல் கூகுள் நம் நாட்டிலும் மெதுவான லைனுக்கு வெப் லைட் கொண்டுவந்தபோது, வேண்டாதவர்கள் எழுதவேண்டியதும் இதே வார்த்தைதான். பிறகு ஹெச்டிடிபிஎஸ் பரவியது. உறையே பூட்டுக்குள் போய்விட்டதால் நடுவில் இருப்பவர் கைவைக்க வழியில்லை. வெப் லைட்டும் 2022-ல் நின்றது.

அப்பாச்சியோடு வரும் மைம்.டைப்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அன்று நாங்கள் கையால் சேர்த்த அந்த வேப் வகை இன்று அதில் தானாகவே இருக்கிறது. கேட்கத்தான் போன் இல்லை.