முத்திரை உரைத்த உண்மை

நம் சங்கத்து அன்பர் ஒருவர், உரிமம் பெற்றுத் தம் இல்லத்தில் வைத்துள்ள பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைச் சின்னாட்களுக்கு முன் எம்மிடம் காட்டினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அவர்தம் முப்பாட்டனார் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைப் புரந்தாரென்றும், அதற்கு மகிழ்ந்து அக்காலத்துக் கலெக்டர் துரை இதனை வெகுமதியாக ஈந்தாரென்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். இச்செய்தி சங்க மலரில் வெளிவரல் வேண்டுமென்பது அன்பர் விருப்பம். வெளிவரின் துப்பாக்கியின் விலையும் ஏறுமென்றார் அவர் மைந்தர்.

கல்வெட்டில் ஆண்டு குறிக்கப்படாதவிடத்து எழுத்தின் வடிவு கண்டு காலந் துணிதல் ஆராய்ச்சியாளர் வழக்கம். துப்பாக்கிக்கும் அத்தகைய எழுத்து உண்டு. அது மேலே பொறித்த பெயரன்று. அப்பெயர் செய்தவர் பெயராகாது விற்றவர் பெயராதலும் உண்டு; பர்மிங்காம் நகரத்துக் கொல்லர் செய்த துப்பாக்கிகள் பல, வேற்றூர் வணிகர் பெயர் தாங்கியே விலைபோயின. முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அடிப்புறத்துத் தட்டையான பகுதியை நோக்குதல் வேண்டும். ஆண்டுதான் சிறு முத்திரைகள் இருக்கும்.

இங்கிலாந்தில் சோதனை பெறாத குழலை விற்றல் குற்றம். வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்து, பிளவாது நின்ற குழலுக்கே முத்திரை இடுவர். இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் குழுவினர் 1637-ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் பெற்றனர். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அதன் பழைய முத்திரை, முடியின்கீழ்க் குறுக்காக அமைந்த இரு செங்கோல்கள். 1904-இல் அது மாறியது, முடியின்கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்னும் எழுத்துக்கள் வந்தன. இவற்றுள் என்.பி. என்பது புகையிலா மருந்தினைத் தாங்குமெனச் சோதித்தமைக்கு அடையாளம். 1925-இன் விதிகளால் தோட்டா அறையின் நீளமும் பொறிக்கப்படலாயிற்று. 1954-க்குப் பின்னரோ அழுத்தத்தின் அளவு டன் கணக்கில் காணப்படும். (பெல்ஜிய நாட்டு லீஜ் நகரத்துத் துப்பாக்கியாயின் நீள்வட்டத்துள் ஈ.எல்.ஜி. என்றிருக்கும், அதன்மேல் முடி காணப்படின் 1893-க்குப் பிற்பட்டது.)

அன்பரது துப்பாக்கியில் குதிரைகள் வெளியே தோன்றவில்லை, பூட்டினுள்ளே மறைந்திருந்தன. இவ்வமைப்புக்கு ஆன்சன், டீலி என்னும் இருவர் பர்மிங்காமில் 1875-இல் தனியுரிமை பெற்றனராதலின், பஞ்சகாலத்து வெகுமதி என்பது இயலாததன்று என்றே முதலில் எண்ணினேம். குழல்களைப் பிரித்தபோது அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. செங்கோல்கள் இல்லை. முடியின்கீழ் பி.பி., பி.வி., என்.பி. மூன்றும் தெளிவாக இருந்தன. அறையின் நீளம் இல்லை. எனவே 1904-க்கும் 1925-க்கும் இடைப்பட்டதென்று துணிந்தேம். பழைய குழலுக்குப் பிற்காலத்தில் மறுசோதனை நிகழ்தலும் உண்டு. அங்ஙனமாயின் முன்னை முத்திரையும் உடன் நிற்றல் வேண்டும். ஈண்டு அதன் சுவடு இல்லை.

இதனைக் கேட்ட அன்பர் முகம் வாடிற்று. "எங்கள் பாட்டி பொய் சொல்வாரா, ஐயா?" என்றார். யாம் அவ்வாறு கூறவில்லை. கஞ்சித்தொட்டி வைத்தது மெய்யாகலாம். அதற்கு இத்துப்பாக்கி சான்றாகாது என்பதே எம் கூற்று. மலருக்கு அச்செய்தியை எழுத யாம் இசையவில்லை.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இலண்டன் பர்டி முதலிய பெருங்கொல்லர் துப்பாக்கியாயின் வரிசை எண்ணைக்கொண்டு அவர்தம் ஏடுகளில் பிறப்பைக் காணலாம், விலையும் மிகும். இஃது அத்தகையதன்று, நடுத்தரமான பர்மிங்காம் வேலை. குழலின் உட்புறம் குழிவிழாது ஒளிர்வதும், கட்டை வெடிப்பின்றி இருப்பதுமே இதன் பெருமை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் உடையார்க்கே விற்கலாமாதலின், வாங்குவோர் தொகையும் சிறிது.

அவர் மைந்தர் கடையில் புதுத் தோட்டாக்களை வாங்கி வைத்திருந்தார். இதுவே எம்மை அஞ்சச் செய்தது. அளந்து பார்த்ததில் அறை இரண்டரை அங்குலம். இக்காலத்துப் பன்னிரண்டாம் எண் தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம். அஃது அறையினுள் எளிதிற் புகும்; வெடிக்கும்போது அதன் வாய்மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் மிகும். தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் பார்த்து ஒப்பும்வரை அதனை வெடிக்கலாகாதென்று வற்புறுத்தினேம். அவரும் தோட்டாக்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்.

பின்னர் அன்பர் தாமே பேழையைத் துருவி, அடியில் கிடந்த மஞ்சளித்த தாள் ஒன்றைக் கொணர்ந்தார். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ், முப்பாட்டனாரின் மைந்தர் பெயருக்கு, 1911-இல் வழங்கப்பெற்ற உரிமம் அது.