வாங்கில் இருந்தவன்

1884இல், சரவணை என்ற ஊருக்குக் கடலேரியின் அக்கரையில், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் வை.எம்.சி.ஏ. சங்கம் ஒன்று தொடங்கியது. வை.எம்.சி.ஏ.வின் கூடவே பின்னாளில் உலகமெல்லாம் பரவப்போகும் கூடைப்பந்தாட்டம் பிறக்க இன்னும் ஏழு வருடம் இருந்தது.

1891 பனிக்காலம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி மாணவர்கள் அறைக்குள் செய்யும் உடற்பயிற்சியில் சலித்துக் குழப்படி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை அடக்க 14 நாளுக்குள் புது விளையாட்டு ஒன்று வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு உத்தரவு வந்தது. பந்து போட இரண்டு பெட்டி கேட்ட மனிதருக்குக் காவலாளி கொடுத்தது இரண்டு பீச் பழக் கூடை. வகுப்பில் 18 பேர்; ஆகவே பக்கத்துக்கு 9 பேர். மிச்சம் ஒருவரும் இல்லை, உட்கார வாங்கும் தேவைப்படவில்லை. அவர் எழுதிய 13 விதிகளில் மாற்று ஆள் தலைகாட்டுவது ஒரேயொரு இடத்தில், அதுவும் தடையாக: வேண்டுமென்று காயப்படுத்தியவன் ஆட்டம் முழுவதற்கும் வெளியேற்றப்பட்டால், அவனுக்குப் பதிலாக எவரும் இறங்கக்கூடாது. இந்தத் தடையிலிருந்து மாற்று ஆள் எப்படித் தப்பி வந்தான்?

1897இல் பக்கத்துக்கு ஐந்து பேர் என்று நிலைத்தது. மாற்று ஆளும் வந்துவிட்டான். ஆனால் கதவு ஒருவழிக் கதவு. வெளியே வந்தவன் அன்றைக்கு வெளியேதான். மூச்சு வாங்க இரண்டு நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற பேச்சே கிடையாது. பயிற்றுநரும் பரிதாபத்துக்குரியவர்: ஆட்டம் நடக்கும்போது அவர் வாய் திறக்கக் கூடாதென்று 1910இல் விதியே போட்டார்கள். ஆளையும் அசைக்க முடியாது, பேசவும் முடியாது. பிறகு எதற்குத்தான் பயிற்றுநர்?

1920இல் முதல் விரிசல். வெளியே போனவன் ஒருமுறை திரும்பலாம் என்று அமெரிக்க விதிப்புத்தகம் இளகியது. 1933-34 பருவத்தில் அந்த ஒருமுறை இருமுறையானது. 1944-45இல் கணக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இன்னும் சில வருடத்தில், இடைவேளை கேட்கும்போது வீரர்களோடு பேசவும் பயிற்றுநருக்கு அனுமதி கிடைத்தது. அரை நூற்றாண்டாக இல்லாத சுதந்திரம் மொத்தமாக வந்துசேர்ந்தது, கூடவே தலையிடியும். யாரை எடுப்பது, யாரை விடுவது, எப்போது?

அந்தத் தலையிடி கடைசியில் கணினியின் தலையில் விழுந்தது. ஜெரெமி ஷெஃப்லர் என்ற அமெரிக்க நிரலாளர் இணைய உலாவியிலேயே ஓடும் ‘பாஸ்கெட்பால் ஜிஎம்’ விளையாட்டை உருவாக்கினார். அதில் மனிதர் முகாமையாளர். ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றுவது நிரலின் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் திறமையை மட்டும் பார்த்தால் நட்சத்திர வீரன் 48 நிமிடமும் ஓடிச் சாக வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொருவனுக்கும் ஒரு சக்திக் கணக்கு: களத்தில் குறையும், வாங்கில் ஏறும். திறமையையும் மிச்சச் சக்தியையும் பெருக்கி, கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் கலந்து, களத்தில் நிற்பவனை வாங்கில் இருப்பவன் முந்தினால் மாற்றம். இத்தோடு விட்டால் இன்னொரு கூத்து: உள்ளே போனவன் உடனே வெளியே, வெளியே வந்தவன் உடனே உள்ளே. அதனால் இருவரும் இருந்த இடத்தில் சில நிமிடமாவது தங்கியிருக்க வேண்டும். அதன் பிறகும் ஐவரும் நெட்டையர்களாகவே கூடிவிட்டால் பந்தைக் கொண்டுபோவது யார்? அதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறது நிரல். பெரிய வித்தியாசத்தில் வெல்லும் ஆட்டத்தின் கடைசியில் முன்னணி வீரர்களை ஓய்வுக்கு அனுப்பவும் தெரியும் அதற்கு.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும், சரவணையில் கைபேசியோடு குந்தியிருக்கும் ஒரு பொடியனுக்கு அது போதாது. தனக்குப் பிடித்தவனை வாங்கில் இருத்திவிட்டதாக அவன் பொருமுவான். அவனுக்கும் வழி விட்டிருக்கிறார்கள்: வீரனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால், நிரல் அவனது மதிப்பை உயர்த்திக் கணக்குப் பார்த்து, கூடுதல் நேரம் களத்தில் விடும்.